கடைசி வரைக்கும் ஒரே வெளிச்சம்

கஸ்தூரி அதை ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். என் வேலை மேசையில் வைத்துவிட்டு, துண்டைப் பிரிக்காமலே சொன்னாள்.

"அண்ணே, இது எரியுமான்னு பாரு. எரிஞ்சா எடுத்துட்டுப் போறேன். எரியலன்னா நீயே வச்சிக்கோ."

காலை பத்து மணி இருக்கும். முதலியார்பேட்டையில் என் கொட்டகையின் தகரக் கூரை அப்போதே சுடத் தொடங்கியிருந்தது. அவள் உட்காரவில்லை. கோயில் டூர் பஸ்ஸில் பத்து நாள் போகிறாளாம்.

"விடிகாலையில எங்கெங்கயோ எறக்கி உடுவாங்களாம். குளிக்கப் போனா படி எங்க, பள்ளம் எங்கன்னு தெரியாது. டார்ச்சு இருந்தா தேவலன்னாங்க. அவுரு சாமான்ல இது ஒன்னுதான் ஊட்ல கெடந்துது. மத்தத எல்லாம் அப்பவே தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் போன பிறகு துண்டைப் பிரித்தேன். ஒரு சாண் நீளத்துக்கு பி.வி.சி. குழாய். பின்பாதியில் சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றியிருந்தது. ரப்பரில் பல் பதிந்த குழிகள். மேல்வரிசையில் மூன்று குழி, நடுவே ஓர் இடம் மட்டும் பதியாமல் வழவழப்பாக இருந்தது.

ஆறுமுகத்துக்கு முன்பல் ஒன்று கிடையாது.

ஆறுமுகம் கஸ்தூரியின் கணவன். என் கூட்டாளி. அவன் போய் ஆறேழு வருடம் ஆகிறது. அந்த டார்ச்சை அவனுக்குச் செய்துகொடுத்தது நான்தான்.

பயணத்துக்கு எந்த டார்ச் நல்லது என்று வாசகர் ஒருவர் கார்டு போட்டிருந்தார். நான் பழைய வீடுகளில் சாமான் பொறுக்குகிறவன், டார்ச்சும் செய்கிறவன் என்று முன்பு இந்தப் பக்கங்களில் எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கிறார். அவருக்கு நான் சொல்லக்கூடிய பதில் முழுவதும் இந்த ஒரு டார்ச்சில் இருக்கிறது. அதனால் இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

வாயில் பிடிக்கிற விளக்கு

இடிக்கப் போகிற வீட்டுக்குள் முதலில் நுழைகிறவர்கள் நாங்கள். நாங்கள் போகும்போது கரண்டைத் துண்டித்திருப்பார்கள். ஜன்னல்களில் பலகை அறைந்திருக்கும். தெருவில் உச்சி வெயில் கொளுத்தும்போதே உள்ளே நம் கை நமக்குத் தெரியாது. வௌவால் புழுக்கை நாற்றமும் பழைய சுண்ணாம்புத் தூசியும் தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த இருட்டில் ஒயர், குழாய், கீல், பித்தளைத் தாழ்ப்பாள், பாட்டில் என்று எது எதற்கு உதவுமோ அதையெல்லாம் கழற்றி எடுத்து வருவோம்.

இரண்டு கையும் வேலையில் இருக்கும். அதனால் டார்ச் வாயில்தான் இருக்க வேண்டும். தலையில் மாட்டுகிற லைட்டையும் வாங்கிப் பார்த்தோம். அதில் வெளிச்சம் நெற்றியிலிருந்து நேராகப் போகிறது. தரையில் கிடப்பதெல்லாம் மட்டமாகத் தெரிகிறது. வாயில் பிடித்தால் வெளிச்சம் கண்ணுக்குக் கீழே இருந்து போகும். ஒரு சின்ன ஆணிக்குக்கூட நிழல் விழும். உத்தரத்தில் விரிசல் இருந்தால் மை போட்டு வரைந்ததுபோல் தெரியும். இருட்டில் காலைக் காப்பாற்றுவது நிழல்தான்.

கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சமும் எங்களுக்கு ஆகாது. அதில் தூசி படிந்த செம்பும் துருப்பிடித்த இரும்பும் ஒரே நிறமாகத் தெரியும். மஞ்சள் வெளிச்சத்தில்தான் செம்பு செம்பாக இருக்கும். கனமும் கூடாது, அரைமணி நேரத்தில் தாடை கழன்றுவிடும். இரும்புக் குழாய் பல்லைக் கூசவைக்கும்.

இதெல்லாம் சேர்ந்த டார்ச் எந்தக் கடையிலும் இல்லை. எனவே நானே செய்ய ஆரம்பித்தேன். நான் ஐந்தாவது வரை படித்தவன். சர்க்யூட் போர்டில் எழுதியிருக்கும் இங்கிலீஷ் எனக்குப் புரியாது. ஆனால் எந்த ஒயரை எதில் பற்றவைத்தால் என்ன ஆகும் என்று பத்துப் பதினைந்தைக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்தால் உள்ளே ஆறு கட்டை இருக்கும். அதில் இரண்டு கட்டையாவது உயிரோடு இருக்கும்.

ஆறுமுகத்துக்கு என்னைக் கிண்டல் செய்யாமல் ஒரு நாள் போகாது. நான் நாலு பேர் கூடினால் சுவரோரம் போய் நிற்கிறவன். வீட்டுக்காரர்களிடம் பேசுவது, கொத்தனாரிடம் சண்டை போடுவது, டீ சொல்வது எல்லாம் அவன்தான்.

"ஏன்டா, ஆண்டவன் உனக்கு வாயக் குடுத்ததே டார்ச்சு புடிக்கத்தான்டா" என்பான்.

டார்ச்சைக் கவ்வியபடி நான் "ம்ம்" என்பேன்.

"பாரு, அது வாயில இருந்தாத்தான் கொஞ்சமாச்சும் பேசுற."

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. வெளிச்சம் சிவந்தால் இறங்கிவிட வேண்டும். பல்பு போட்ட காலத்துச் சட்டம் அது. கட்டை தீரும்போது பல்பு மஞ்சளாகி, பிறகு சிவந்து, பீடி நுனிபோல் ஆகித்தான் அணையும். எல்.இ.டி. வந்த பிறகு வெளிச்சம் சிவப்பதில்லை, மங்கும். ஆனாலும் நாங்கள் "செவந்துடுச்சு" என்றுதான் சொல்வோம். சொல்லிவிட்டால் கையில் எது இருந்தாலும் அப்படியே வைத்துவிட்டு இறங்குவோம்.

நான் போட்ட இரண்டு போர்டு

அந்தச் சமயத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் செல்போன் பேட்டரி வீங்கி வெடித்தது. மெத்தை எரிந்துபோனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதே மாதிரிக் கட்டையைத்தான் ஆறுமுகம் நாள் முழுக்க வாயில் கவ்விக்கொண்டிருந்தான்.

அவனுக்கென்று ஒரு டார்ச் செய்தேன். விரல்நகம் அளவு ஒரு பாதுகாப்பு போர்டை அதில் பற்றவைத்தேன். ஷார்ட் ஆனாலும், கட்டை அளவுக்கு மீறித் தீர்ந்தாலும் அது கரண்டை வெட்டிவிடும். அதோடு இன்னொரு போர்டும் போட்டேன். அது, கட்டை தீரத் தீர வெளிச்சம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே டார்ச்சில் நான் போட்டது அந்த ஒரு முறைதான். என் டார்ச்சில் இரண்டும் கிடையாது.

"இன்னாடா இது, மாப்ள டார்ச்சா?" என்றான் ஆறுமுகம்.

"கடைசி வரைக்கும் ஒரே வெளிச்சம் இருக்கும்" என்றேன். நான் பெருமை பேசுகிறவன் அல்ல. அன்று பேசினேன்.

"அப்ப செவக்காதா?"

"செவக்காது."

"அட, சாமி!" என்று அதை வாங்கி வாயில் கவ்வி, என் முகத்தில் அடித்துப் பார்த்தான். பல் இல்லாத சந்தில் காற்று விட்டுச் சிரித்தான்.

ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பார்த்திருந்தேன். நன்றாகத்தான் எரிந்தது. கட்டை தீரும் வரை வைத்துப் பார்க்கவில்லை. அவன் கேட்டான், கொடுத்துவிட்டேன்.

சொல்தா வீடு

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் அப்படி ஒருவருடைய பழைய வீடு. அவர் எப்போதோ இறந்துவிட்டார். பிள்ளைகள் பிரான்சில் இருந்தபடியே விற்றுவிட்டார்கள். இடிப்பதற்கு முன் உள்ளே போனோம்.

ஓட்டுக்குக் கீழே பெரிய பரண். பலகைகளைக் கறையான் தின்று பாதி விழுந்துவிட்டது. உத்தரங்கள் மட்டும் உறுதியாக இருந்தன. ஒரு உத்தரத்திலிருந்து அடுத்ததற்குக் காலை எட்டிவைத்துப் போக வேண்டும். மூலையில் சொல்தா சேர்த்து வைத்திருந்த பாட்டில்கள். சிலவற்றில் அடியில் கொஞ்சம் சரக்கும் மிச்சம் இருந்தது. அந்த மாதிரி பாட்டில்களைப் பழம்பொருள் கடையில் ஆசையாகக் கேட்பார்கள்.

ஆறுமுகம் மேலே போனான். நான் கீழே கூடத்தில் ஒயர் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவன் சாக்கில் பாட்டிலைப் போடும் சத்தம் கேட்டது. பிறகு திரும்பி வரும் காலடி. டக், டக் என்று உத்தரம் மாறும் சத்தம். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த டக் வரவில்லை.

கத்தல்கூட இல்லை. வாயில் டார்ச் இருந்தது.

நான் போய்ப் பார்த்தபோது பாட்டில் சில்லுகளின் மேல் கிடந்தான். சட்டை முழுக்கப் பழைய பிராந்தி வாடை. தெருவில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். வேலைக்கு வண்டி கொண்டுவந்திருந்த கஸ்தூரியின் தம்பி மூர்த்தியும் வந்தான்.

"டார்ச்சு அணைஞ்சிடுச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

டார்ச் சுவரோரம் உருண்டு கிடந்தது. எரியவில்லை. எடுத்து சுவிட்சைத் தட்டி, மறுபடி தட்டினேன். பளிச்சென்று எரிந்தது. விழுந்த வேகத்தில் சுவிட்ச் மாறியிருக்கிறது என்று நினைத்தேன். உடனே அணைத்துவிட்டேன்.

"நல்லாத்தான் எரியுது" என்றேன்.

அன்று அந்தக் கூட்டத்தில் நான் பேசியது அது ஒன்றுதான். சொன்னபோது மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். என் டார்ச்சில் தப்பில்லை என்ற நிம்மதி.

ஆட்டோவில் அவன் தலை என் மடியில் இருந்தது. அவன் மூச்சு என் முகத்தில் பட்டது. அதில் பீடி வாடைதான் அடித்தது. சரக்கு வாடை இல்லை. ஆஸ்பத்திரியில் "குடிச்சிருந்தாரா?" என்று கேட்டபோது மூர்த்தி முந்திக்கொண்டு, "வாடையே சொல்லுதே சார்" என்றான். வாயில் வாடை இருந்ததா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கிடந்தான். கண் திறக்கவில்லை.

படையலில் ஒரு பாட்டில்

ஆறுமுகம் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன்தான். மகள் பிறந்த வருடம் திரௌபதி அம்மன் கோயிலில் கையால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான். அதன் பிறகு தொட்டதில்லை. கல்யாண வீட்டில் ஊற்றிக் கொடுத்தால் தள்ளி உட்காருவான்.

அவன் செத்த பிறகு ஊர் அந்தச் சத்தியத்தை எடுத்துக்கொண்டது. "அம்மனுக்குக் குடுத்த வாக்க மீறுனான், அம்மன் கேட்டுட்டா" என்றார்கள். கஸ்தூரியின் காதிலேயே விழும்படி சொன்னார்கள். அவளும் நம்பினாள். அவன் துணிமணியைத் தெருவில் போட்டாள். போட்டோவை மாட்டினாள், விளக்கு வைக்கவில்லை.

எங்கள் பக்கம் வருடப் படையலில் இறந்தவர் விரும்பியதை எல்லாம் இலையில் வைப்பது வழக்கம். முதல் வருடம் மூர்த்தி ஒரு குவாட்டர் பாட்டிலோடு வந்தான்.

"அக்கா, மாமாவுக்குப் புடிச்சது."

"வையி" என்றாள் கஸ்தூரி. "அதுக்காகத்தான செத்தாரு. குடிச்சிட்டுப் போவட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாசலோரம் இருந்தேன். ஒவ்வொரு வருடமும் இலையில் அந்தப் பாட்டில் இருக்கும். ஒவ்வொரு வருடமும் நான் பார்த்துவிட்டு, வடையைத் தின்றுவிட்டு வருவேன். அவன் குடிக்கவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்தான் இருந்தது, ஆதாரம் இல்லை என்று சொல்லிக்கொள்வேன்.

மேசைக்கு அடியில்

கஸ்தூரி கொண்டுவந்த டார்ச்சில் கட்டை செத்திருந்தது. வேறு கட்டை போட்டேன். எரிந்தது. இப்போதெல்லாம் எந்த டார்ச்சையும் கடைசி வரை எரியவிட்டுப் பார்க்காமல் நான் கொடுப்பதில்லை. மேசைக்கு அடியில் சாக்கு தொங்கவிட்டு, உள்ளே வைத்து எரியவிட்டேன்.

மதியம் ஆயிற்று. தூக்குச் சட்டியில் இருந்த சோற்றைத் தின்றபடி அடிக்கடி குனிந்து பார்த்தேன். வெளிச்சம் காலையில் இருந்தது போலவே இருந்தது. நன்றாகச் செய்திருக்கிறோம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது.

மங்கவில்லை. ஒரு துடிப்புகூட இல்லை. முழு வெளிச்சம், அடுத்து ஒன்றுமில்லை.

கை கழுவாமல் டார்ச்சை எடுத்து சுவிட்சைத் தட்டினேன். பளிச்சென்று எரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஏழில் அணைந்தது. கொஞ்சம் விட்டுத் தட்டினேன். மறுபடி எரிந்தது. நாலில் அணைந்தது.

ஒரு போர்டு கடைசி வரை மங்கவிடவில்லை, இன்னொன்று சட்டென்று வெட்டிவிட்டது. பாதுகாப்பு போர்டு வெட்டிவிட்டால், சற்று நேரம் ஓய்வு கொடுத்ததும் கட்டையில் கொஞ்சம் உயிர் வரும். தட்டினால் எரியும். அன்று சொல்தா வீட்டில் நான் தட்டியபோது எரிந்தது அந்த உயிர்தான். அணைக்காமல் ஏழு வரை எண்ணியிருந்தால் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அவன் வெளிச்சம் சிவப்பதற்காகக் காத்திருந்திருக்கிறான். சிவக்காது என்று சொன்னவன் நான். சிவக்காவிட்டால் எப்போது இறங்குவது என்று நான் சொல்லவில்லை.

கதவைச் சாத்து

மூன்று நாள் கஸ்தூரி வீட்டுக்குப் போகவில்லை. சொன்னால் அவன் பெயர் கழுவப்படும். அவனைக் கொன்றது யார் என்பதும் தெரிந்துவிடும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு வழி இருக்கிறதா என்று மூன்று நாளும் யோசித்தேன்.

நாலாம் நாள் மதியம் போனேன். மறுநாள் வருடப் படையல். போட்டோவுக்குக் கீழே குவாட்டர் பாட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. கஸ்தூரி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். அவளுக்காகப் புதிதாகச் செய்த ஒரு சாதா டார்ச்சும், இந்தப் பழையதும் என் பையில் இருந்தன.

நின்றபடியே சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. போர்டைப் பற்றிச் சொன்னேன், ஏழு எண்ணியதைச் சொன்னேன், ஆட்டோவில் அவன் வாயில் பீடி வாடைதான் அடித்தது என்பதையும் சொன்னேன்.

அவள் கை உளுந்துத் தண்ணீரிலேயே இருந்தது.

"காட்டு" என்றாள்.

"இன்னாம்மா?"

"எப்டி அணைஞ்சுதுன்னு எனக்குக் காட்டு. கதவச் சாத்து."

"மதியான நேரம், நீ தனியா இருக்க. தெரு பாக்குது."

"இத்தினி வருசமா பாத்த தெருதான. இன்னும் பாக்கட்டும்."

ஜன்னலை அவளே சாத்தினாள். கதவை நான் சாத்தினேன். கட்டையில் கொஞ்சம்தான் சார்ஜ் இருந்தது. டார்ச்சை எரியவிட்டு அரிசி டின் மேல் வைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் இருந்தேன். வெளியே மீன்காரம்மா கூவிக்கொண்டு போனாள். உளுந்து ஊறிய வாசனை அறையில் நிறைந்திருந்தது. அரைமணி நேரம் இருக்கும். வெளிச்சம் அப்படியே நின்றது. அவள் எழுந்து, அதை எடுத்து, ரப்பரில் இருந்த பல் குழியை விரலால் தடவிப் பார்த்தாள். கையில் பிடித்தபடியே போட்டோ பக்கம் ஓர் அடி எடுத்துவைத்தாள்.

அப்போது அணைந்தது.

அவள் நின்றுவிட்டாள். இருட்டில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"கால எங்க வைக்கிறதுன்னு தெரியலியே அண்ணே" என்றாள்.

நான் தடவிப் போய்க் கதவைத் திறந்தேன். வெயில் உள்ளே வந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. போட்டோவைப் பார்த்தபடி நின்றாள்.

"அவுரு சட்டைய எல்லாம் தெருவுல போட்டேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "டார்ச்ச நீ வேணும்னு செய்யல. அவுரு வாய் வெந்துடக் கூடாதுன்னு செஞ்ச. அது எனக்குப் புரியுது. ஆனா ஆட்டோவுல வாட இல்லன்னு உனக்குத் தெரியும். வருசா வருசம் வந்து இந்தப் பாட்டில பாத்துட்டு, வடையத் தின்னுட்டுப் போன."



புது டார்ச்சை எடுத்து நீட்டினேன். "இது மங்கித்தான் அணையும்மா. அரைமணி முன்னாடியே தெரிஞ்சிடும். டூருக்கு எடுத்துட்டுப் போ."

"வாணாம். செல்லுல லைட்டு இருக்குது." பழையதை அவள் திருப்பித் தரவில்லை. "நாளைக்கு நீ வர வாணாம் அண்ணே."

வாசகருக்கு என் பதில் இதுதான். மஞ்சள் வெளிச்சமாகப் பாருங்கள், கனமில்லாததாகப் பாருங்கள். எது வாங்கினாலும் வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து, அது கடைசியில் எப்படி அணைகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிற டார்ச்சை மட்டமான சரக்கு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதையே வாங்குங்கள்.

மறுநாள் நான் போகவில்லை. ஆனால் அந்தத் தெரு வழியாக நடந்தேன். கதவு திறந்திருந்தது. போட்டோவுக்கு முன்னால் விளக்கு எரிந்தது. இலையில் வடை, மீன் குழம்பு, ஒரு கட்டு பீடி. மூர்த்தி இலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பாட்டிலு எங்க? நேத்தே வாங்கியாந்து வச்சேனே."

கஸ்தூரி கற்பூரத்தை ஏற்றியபடி, நிமிராமல் சொன்னாள்.

"அவுரு குடிக்கிறதில்ல."